அரவணைப்புக் கொள்கையும் ஐம்பத்து மூன்று மணிகளும்

பெரிய நாடு எங்களை அரவணைக்கப் போகிறது என்ற செய்தி வந்த அன்று, கிள்ளானை ஒட்டிய எங்கள் பண்டமாரானில் தண்ணீர் இல்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தண்ணி லோரி எத்தனை மணிக்கு வரும் என்ற கவலையில் நாங்கள் யாரும் அந்தச் செய்தியைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அது எங்கள் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்த நாட்டின் பெயரை நான் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டு சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். யோசித்துப் பார்த்தால், பயந்துகொண்டுதான் சொல்லவில்லை. அந்த நாட்டிடம் மலை இருக்கிறது, பாலைவனம் இருக்கிறது, கடலையே மூடி வைக்கும் அளவுக்குக் கப்பல் இருக்கிறது. இல்லாதது நிம்மதி ஒன்றுதான். சுற்றுவட்டாரத்தில் எவனாவது தும்மினால் அதற்குத் தூக்கம் போய்விடும். ஆகவே அறிஞர்களைக் கூட்டி உட்கார வைத்து, நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ‘அண்டை அரவணைப்புக் கொள்கை’ என்று ஒன்றை எழுதியது. அண்டை நாடுகள் பத்திரமாக இருந்தால்தான் தானும் பத்திரமாக இருக்க முடியுமாம். அண்டை நாடுகளுக்கோ தங்களைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதாம். ஆகவே அண்டை நாட்டுக்காரர்களை அண்டை நாட்டுக்காரர்களிடமிருந்தே காப்பாற்றுவது தன் கடமையாம். இதைப் படித்துவிட்டு நம் ஊர்த் தலைவர்களும் கைதட்டினார்கள். தட்டாமல் இருந்தால் அது கொள்கையின் எத்தனையாவது பக்கத்தில் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நானும் ஒரு அண்டை வீட்டுக்காரன்தான். பெயர் வாசு, வேலை லோரி ஓட்டுவது. பக்கத்து வீட்டுக் கிரிகரிக்கும் எனக்கும் நடுவில் பதினெட்டு வருஷமாக ஒரே ஒரு சுவர். அவர் வீட்டில் கருவாடு பொரித்தால் என் வீட்டில் கூடுதலாகச் சோறு இறங்கும். அவர் காடி நடுவழியில் கெட்டுப் போய் நின்றால் என் லோரி கிளம்பும். இதற்கெல்லாம் நாங்கள் ஒரு பக்கம்கூட எழுதி வைத்துக்கொண்டதில்லை.

கிரிகரிக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் சீல் பார்க்கும் வேலை. தாளில் உள்ள நம்பரும் சீலில் உள்ள நம்பரும் ஒன்றாக இருந்தால் பெட்டியை வெளியே விடுவார். முப்பது வருஷமாக இதையே செய்து, நம்பர் சரியாக இருந்தால் உலகத்தில் எந்தப் பொருளும் உரியவனுக்கு வந்து சேர்ந்துவிடும் என்று நம்புகிற மனிதர். அவர் மனைவி மகதலேனா. ஒரே மகன் மார்வின், இருபத்தாறு வயது. தீவுகளுக்கு வெங்காயமும் சோப்பும் ஏற்றிப் போகும் மரப்படகில் இஞ்சின் வேலை பார்த்தான்.

அந்த வீட்டில் மகதலேனா போட்ட ஒரு சட்டம் உண்டு. மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை. தொடக்கத்தில் மூன்று, பிறகு இரகசியம் என்று சொல்லும் ஐந்து பத்துகள், ஆக ஐம்பத்து மூன்று மணிகள், ஒவ்வொரு மணிக்கும் மாதாவிடம் அதே மன்றாட்டு. முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கே அது மனப்பாடம். மனசுக்குள் சொல்லிக்கொண்டேன் என்ற கதையெல்லாம் மகதலேனாவிடம் செல்லாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மார்வின் கடலுக்குப் போனால் போன் போட்டுச் சொல்ல வேண்டும். அவனும் சொல்வான். முதல் பத்து வரைக்கும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, பிறகு கொட்டாவி விடுவான். கொட்டாவிக்கும் திட்டு விழும்.

அது ஒரு வெள்ளிக்கிழமை, மார்வின் கடலில் இருந்தான். முதல் பத்து முடியும்போது லைன் அறுந்துவிட்டது. மகதலேனா இரண்டு தடவை திரும்பப் போட்டுப் பார்த்தாள். “பாத்தீங்களா, லைன் கட்டாம். ஏமாத்திட்டான் கழுத,” என்று சொன்னது எனக்குச் சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது. பிறகு அவளும் கிரிகரியும் மிச்சத்தை முடித்தார்கள்.

திங்கட்கிழமை பெரிய நாடு ஓர் அறிக்கை விட்டது. நீரிணையில் ஆபத்தான படகு ஒன்று வெற்றிகரமாக அரவணைக்கப்பட்டது என்று அதில் இருந்தது. வானத்திலிருந்து அரவணைத்திருக்கிறார்கள். படகில் மூன்று பேர். இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. மூன்றாவது ஆள், அடையாள அட்டையான ஐசியில் உள்ள பெயர் மார்வின் த/பெ கிரிகரி, அவர்களுடைய நட்புக் கப்பலின் குளிர் அறையில் இருப்பதாக ஒரு நம்பரோடு கடிதம் வந்தது.

படகு ஏன் ஆபத்தானது என்ற விளக்கமும் இருந்தது. நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு, ஒரே வாசகம், ஐம்பத்து மூன்று முறை, ஐந்து தொகுதிகளாக, கரையிலிருந்து ஒரு பெண் குரல் நடத்த, படகிலிருந்து சமிக்ஞை அனுப்பப்பட்டு வந்ததாம். எட்டு மாதம் கேட்டும் அந்த வாசகத்தின் உள்ளர்த்தத்தை உடைக்க முடியவில்லையாம். உடைக்க முடியாத எதுவும் ஆபத்தானது என்று கொள்கையில் இருக்கிறதாம்.

கிரிகரி அதை வாசித்து முடிப்பதற்குள் மகதலேனாவுக்குப் புரிந்துவிட்டது. “நான்தான்,” என்றாள். அழவில்லை. அன்றையிலிருந்து ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் மனைவி லோகேஸ்வரி அந்த நேரத்தில் டிவியைப் போடுவாள், பிறகு மனசு கேட்காமல் அவளே அணைத்துவிடுவாள்.

கிரிகரி முதலில் நம் அரசாங்க ஓப்பிஸ் ஒன்றுக்குப் போனார். இரண்டு வாரத்தில் ஒரு சூராட், அதாவது அரசாங்கக் கடிதம், வந்தது. இந்த விவகாரத்தை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம், கவலையும் படுகிறோம் என்று எழுதியிருந்தது. கீழே ஒரு நம்பர். கிரிகரி அதைப் பிளாஸ்டிக் ஃபைலில் பத்திரமாக வைத்தார். பிறகு இருவரும் தலைநகரில் உள்ள பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். அங்கே ஓர் உயரமான கட்டடத்தின் பத்தொன்பதாவது மாடியில்தான் பெரிய நாட்டின் அரவணைப்பு அலுவலகம் இருக்கிறது.

கீழே காவலுக்கு நின்ற லோகன் நம்ம பையன். கிரிகரியின் பெல்ட், செருப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்ற வைத்துவிட்டு, “சோரி அங்கிள், ரூல்ஸ் லா. போன வாரம் ஒரு ஃபாதரோட அங்கியையே கழட்டச் சொல்லிட்டாங்க,” என்றான்.

மேலே மூன்று கவுண்டர்கள். ஒன்றில் ‘நன்றி தெரிவிக்க’, இன்னொன்றில் ‘பாராட்டு’, மூன்றாவதில் ‘தகவல் கொடுக்க’. புகாருக்கு எது என்று கேட்டேன். புகார் எதுவும் வராததால் அந்தக் கவுண்டரை மூடிவிட்டோம் என்றார்கள். கிரிகரி யோசித்து, நன்றி கவுண்டருக்கு நம்பர் எடுத்தார். அதில்தான் வரிசை குறைவு.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் பிரெண்டா, உள்ளூர்ப் பெண், முப்பது வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. ஃபைலைப் பார்த்ததும் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அங்கிள், இது ஜெபமாலைன்னு நான் ஹெட்குவாட்டர்ஸுக்கு மெயில் போட்டேன். பிரேயர் புக்கையே ஸ்கேன் பண்ணி அனுப்புனேன்,” என்றாள்.

“என்னம்மா சொன்னாங்க?”

“எதிரி சிக்னல் அனுப்புனா பிரேயர் மாதிரிதான் அனுப்புவான், தகவலுக்கு நன்றின்னாங்க. வேற பிரேயர் இருந்தாலும் லிஸ்ட் குடுக்கச் சொன்னாங்க.” அவள் கிரிகரியின் முகத்தைப் பார்க்காமல் ஸ்டேப்ளரைத் தள்ளி வைத்தாள். “நான் குடுக்கல அங்கிள்.”

அவளே எங்களைத் துணை இயக்குநரிடம் அழைத்துப் போனாள். உயரமான, மிகவும் மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து நின்று இரண்டு கைகளாலும் கிரிகரியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலத்தில்தான் பேசினார். முப்பது வருஷம் கப்பல்காரர்களோடு பேசிப் பழகிய கிரிகரிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

“மிஸ்டர் கிரிகரி, முதலில் என் அனுதாபம். அனுதாபத்தை அளவில்லாமல் தரலாம் என்று எங்கள் கொள்கையே சொல்கிறது. இப்போது விஷயத்துக்கு வருவோம். நாங்கள் நிரபராதிகளைச் சுடுவதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, அது விதி. உங்கள் மகன் நிரபராதி என்றால் நாங்கள் அவரைச் சுட்டிருக்க முடியாது. சுடவில்லை என்றால் அவர் உடல் எங்கள் கப்பலில் இருக்க முடியாது. இல்லாத உடலை நான் எப்படித் தருவது? நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.”

கிரிகரி கடிதத்தை நீட்டினார். “சார், கப்பல்ல இருக்குன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. நம்பர் இருக்கு பாருங்க.”

துணை இயக்குநர் அதை அன்போடு பார்த்தார். “இந்த நம்பர் ஓர் ஆபத்தின் நம்பர். ஆபத்து எங்களிடம் இருக்கிறது. உங்கள் மகன் இல்லை.”

கிரிகரி கடிதத்தை ஃபைலில் வைத்தார். பிறகு சொன்னார்: “அப்ப அந்த ஆபத்தையே குடுங்க சார். நாங்க அடக்கம் பண்ணிக்கிறோம்.”

“தாராளமாக. அதற்கு ஒரு போராங் இருக்கிறது.”

படிவத்தில் மூன்றே கேள்விகள். இறந்தவர் ஆபத்தானவர் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா என்பது முதல் கேள்வி. கிரிகரி பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார், ஆமாம் என்று போட்டார். இரண்டாவது கேள்வி, சமிக்ஞையைக் கரையிலிருந்து நடத்தியவர் யார். மூன்றாவது, அவருடைய ஒப்புதல் வாக்குமூலமும் கையொப்பமும்.

கிரிகரி போராங்கை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். லிஃப்டில் என்னிடம் சொன்னார்: “பையனப் பத்தி என்ன வேணா எழுதலாம் வாசு, அவன் கோவிச்சுக்க மாட்டான். அவ பேர நான் எப்படி எழுதுறது? ஏற்கெனவே அவ சாப்புடுறதில்ல.”

அடுத்த நான்கு வாரம் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு அலைந்தார். போராங் இல்லாமல் வாங்க ஏதாவது வழி இருக்குமா என்று வக்கீலைப் பார்த்தார், சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளரைப் பார்த்தார், மாதா கோயில் சாமியாரைப் பார்த்தார். கப்பல் கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியேதான் நங்கூரம் போட்டு நின்றது. அதில் இலவசக் கண் பரிசோதனை முகாம் வைத்தார்கள். கிரிகரி அதற்கும் பெயர் கொடுத்து, படகில் ஏறிப் போனார். குளிர் அறை எந்தப் பக்கம் என்று கேட்டவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு கண்ணாடி மட்டும் கொடுத்தார்கள். பவர் சரியாகத்தான் இருந்தது.

பிறகு பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் அண்டை நட்பு நாள் கொண்டாடினார்கள். அரவணைக்கப்பட்ட குடும்பங்களுக்கு முன்வரிசை. ஆளுக்கொரு குடை கொடுத்தார்கள், அதில் இரண்டு கைகள் கட்டிப்பிடிக்கும் சின்னம். தலைமை இயக்குநர் அதற்கென்றே விமானத்தில் வந்திருந்தார். மேடையில் அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை:

“நண்பர்களே, சிலர் எங்களை அந்நியர்கள் என்கிறார்கள். மனம் வலிக்கிறது. நீங்கள் தூங்கும்போது உங்கள் வீட்டுக்குள் நாங்கள் விழித்திருக்கிறோம், அந்நியன் அப்படிச் செய்வானா? உங்கள் மனைவியிடம் நீங்கள் பேசுவதை நீங்களே பாதிதான் கேட்கிறீர்கள், நாங்கள் முழுவதும் கேட்கிறோம். உங்கள் எல்லை எங்கே முடிகிறது என்று நாங்கள் ஒருபோதும் பார்த்ததில்லை. அதைவிட நெருக்கம் உண்டா? இந்த வட்டாரத்தில் சென்ற ஆண்டு எங்களுக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. வராத ஆபத்துகள் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து. அத்தனையும் தடுக்கப்பட்டது உங்கள் ஒத்துழைப்பால்தான்.”

கைதட்டல் அடங்கியதும் கேள்வி நேரம். கேள்விகளை முன்பே எழுதிக் கொடுத்தவர்கள் முன்பே எழுதிய பதில்களைப் பெற்றுக்கொண்டார்கள். எப்படியோ ஒரு மைக் கிரிகரி கையில் வந்துவிட்டது. அவர் குடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“எனக்கு என் மவன் பாடி வேணும்,” என்றார். அவ்வளவுதான்.

தலைமை இயக்குநர் நெஞ்சில் கை வைத்தார். “அற்புதம். பாருங்கள், எங்களிடம் மக்கள் எத்தனை உரிமையோடு கேட்கிறார்கள். இதுதான் நம்பிக்கை.” மறுபடி கைதட்டினார்கள். மறுநாள் அவர்களுடைய செய்தி மடலில் கிரிகரியின் படம் வந்தது, ‘பண்டமாரான்வாசி மேடையில் நெகிழ்ச்சி’ என்று போட்டு. அழுகிற முகம் எல்லா மொழியிலும் நெகிழ்ச்சிதானே.

அந்தச் செய்தி மடலை ஃபைலில் வைக்கும்போதுதான் போராங் மகதலேனா கண்ணில் பட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு, கோயிலுக்குப் போகும்போது கட்டும் வெள்ளைச் சேலையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பின்னால் கிரிகரி, நைந்த முகத்தோடு.

“அண்ணே, லோரிய எடுக்குறீங்களா? பிரிக்பீல்ட்ஸுக்குப் போவணும்.”

“வேணாம்னு சொல்லு வாசு,” என்றார் கிரிகரி.

“ஏழு வாரமா எம்புள்ள ஐஸ்ல கெடக்குறான். என் பேருக்கு என்ன, பெரிய பேரு,” என்றாள் மகதலேனா. நான் சாவியை எடுத்தேன். நல்ல அண்டை வீட்டுக்காரன் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

துணை இயக்குநர் பிரெண்டாவின் கவுண்டருக்கே இறங்கி வந்தார். வாக்குமூலம் கொடுப்பவர் வசதியாக உட்கார வேண்டும் என்று நாற்காலிக்கு ஒரு மெத்தையும் கொண்டு வரச் சொன்னார். அவர் கேட்க, பிரெண்டா தமிழில் சொல்ல, மகதலேனா பதில் சொன்னாள்.

“சமிக்ஞையை நடத்தியது யார்?”

“நான்தான்.”

“எத்தனை காலமாக?”

“அவன் பேச ஆரம்பிச்சதுலேருந்து.”

“அவர் விருப்பப்பட்டுச் செய்தாரா?”

“இல்ல. சின்னதுல முழங்கால் வலிக்குதும்பான். நான் விட மாட்டேன்.”

“நோக்கம் என்ன?”

மகதலேனா இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். “அவனுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு.”

பிரெண்டாவின் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. என்ன சொன்னார் என்று துணை இயக்குநர் கேட்டார். அவள் சொன்னாள். அவர் நெற்றியைத் தடவி யோசித்தார். “‘எங்கள் தாக்குதலை முன்கூட்டியே அறிந்து எடுத்த தற்காப்பு நடவடிக்கை’ என்று போடுங்கள்,” என்றார்.

“வேறு ஏதாவது சேர்க்க விரும்புகிறாரா?”

“நான் சொல்லித்தான் செத்தான்னு எழுதிக்கங்க,” என்றாள் மகதலேனா. “அது உண்மதான்.” கிரிகரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டாள், நிதானமாக, முழுப் பெயரையும்.

துணை இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே கலங்கியது. “மேடம், எங்கள் தலைமையகத்தில் ஒருசிலருக்கு இந்தச் சம்பவத்தில் சின்னச் சந்தேகம் இருந்தது. அவர்களுக்குச் சரியாகத் தூக்கம்கூட இல்லை. இன்று நீங்கள் அதைத் தீர்த்து வைத்துவிட்டீர்கள். அண்டை வீட்டார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.” வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உடலைப் பெற்றுக்கொள்ளும்படி ஒரு சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார். கிரிகரி வழக்கம்போலச் சீட்டின் நம்பரையும் கடிதத்தின் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.

“வேறு கேள்வி உண்டா?”

மகதலேனா அவரைப் பார்க்கவில்லை, பிரெண்டாவைப் பார்த்தாள். “பாப்பா, அன்னைக்கு மொதப் பத்துலேயே லைன் அறுந்துபோச்சு. இவங்களுக்கு அதுக்கு மேல ஏதும் கேட்டிருக்குமா? கேட்டுச் சொல்லேன்.”

துணை இயக்குநருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. எங்கள் கருவிகளுக்கு லைன் தேவையில்லை, போன் பக்கத்தில் இருந்தால் போதும், மூச்சுகூடக் கேட்கும் என்றார். ஒப்புக்கொண்டவர்களுக்குப் பதிவைப் பார்க்கும் உரிமை உண்டு என்று விதியையும் எடுத்துச் சொன்னார். பிறகு நல்ல செய்தியைத் தலைமையகத்துக்குச் சொல்ல உள்ளே போய்விட்டார்.

பிரெண்டா திரையில் தேடினாள். தேடியதைக் கண்டுபிடித்தாள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லைன் கட்டானப்புறம் ஹலோ, ஹலோன்னு ரெண்டு தரம் கூப்பிட்டிருக்காரு ஆன்டி. அப்புறம்...” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அப்புறம் சொல்லியிருக்காரு. தனியா. முன்பாதியும் அவரே, பின்பாதியும் அவரே.”

“எத்தன?”

“நாப்பத்தொண்ணு வரைக்கும். அதோட பதிவு நிக்குது.”

மகதலேனா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏமாத்துறான்னு சொன்னேன்,” என்றாள். “கழுதன்னு சொன்னேன்.” பிறகு அழுதாள். ஏழு வாரத்து அழுகை. மெத்தை போட்ட நாற்காலியில், நன்றி கவுண்டருக்கு முன்னால், நம்பர் எடுத்துக் காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க அழுதாள். கிரிகரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னால் அங்கே பார்க்க முடியவில்லை.

அழுகை குறைந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விரலை மடக்கி எண்ணினாள். “வெள்ளிக்கிழம. துக்க தேவ இரகசியம். நாலாவதுல ரெண்டு மணி பாக்கி, அப்புறம் ஒரு பத்து,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, நாற்பத்திரண்டாவதன் முன்பாதியை வாய்விட்டுச் சொன்னாள்.

பின்பாதியைக் கிரிகரி சொல்ல வேண்டும். அவர் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் சொல்லலாமா கூடாதா என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பிரெண்டாவின் குரல் கேட்டது. கூரையில் இருந்த கேமரா அவள் பக்கம் திரும்பியது. அவள் நிறுத்தவில்லை. நாற்பத்து மூன்றுக்குக் கிரிகரியும் சேர்ந்துகொண்டார். ஐந்தாவது இரகசியத்துக்கு வரும்போது நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளே போன் அடித்தது. துணை இயக்குநர் கதவைத் திறந்து, தலைமையகம் லைனில் காத்திருக்கிறது, அறைக்குள் யாரோ சமிக்ஞை அனுப்புவதாகச் சொல்கிறார்கள், உடனே வா என்று பிரெண்டாவை அழைத்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் உயர்த்தி, “இன்னும் நாலு இருக்கு சார்,” என்றாள். “முடிச்சிட்டு வரேன்.”